8-க்கு 7 அடி அடுக்களையில் மேடை இடத்தைக் கூட்டுவது எப்படி?

கேள்வி: நங்கநல்லூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சென்னை நங்கநல்லூரில், 1996ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறோம். தை பிறந்ததும் சமையலறையைப் புதுப்பிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சுவருக்குள் ஓடும் குழாய்கள் துருப்பிடித்துவிட்டன. கடப்பாக் கல் மேடையோ, இத்தனை ஆண்டுகளாகப் புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் பட்டுப் பட்டு, வெளுத்துச் சொரசொரத்துப் போய்விட்டது. எப்படியும் இடித்தாக வேண்டும் என்பதால், என் நெடுநாள் குறை ஒன்றையும் இதோடு தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். மேடையில் கை வைக்க இடமில்லை என்பதே அந்தக் குறை.

அறையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வடக்கு தெற்காக 8 அடி, கிழக்கு மேற்காக 7 அடி. கிழக்கே இருப்பது வெளிச்சுவர். அதையொட்டி 8 அடி நீளத்துக்கும் 2 அடி அகலத்தில் மேடை இருக்கிறது. அந்தச் சுவரின் நடுவில் 4 அடி அகல ஜன்னல். மேடையின் வடகோடியில் பாத்திரம் கழுவும் தொட்டியும், தென்கோடியில், அதாவது அக்னி மூலையில், அடுப்பும் இருக்கின்றன. வடக்குச் சுவரில் பால்கனிக் கதவு. மேற்குச் சுவரின் வடபகுதியில் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து உள்ளே வரும் 3 அடி வாசல். அது போக மேற்குச் சுவரில் 5 அடி மிஞ்சும். தென்மேற்கு மூலையில் ஃபிரிட்ஜ், அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய இரும்பு ஸ்டாண்டு.

நேற்று இஞ்ச் டேப்பை எடுத்து மேடையை அளந்து பார்த்தேன். தொட்டியும் அதன் விளிம்புகளும் 2 அடி, கழுவிய பாத்திரங்களைக் கவிழ்க்கும் கூடை ஒன்றரை அடி, மூன்று பர்னர் அடுப்பு இரண்டரை அடி, மிக்சி 9 அங்குலம். எல்லாம் போக எனக்கு மிஞ்சுவது 15 அங்குலம். காய் நறுக்குவதும், சப்பாத்தி இடுவதும், இறக்கிய குக்கரை வைப்பதும், இட்லித் தட்டுகளில் மாவு ஊற்றுவதும் அந்த 15 அங்குலத்தில்தான். சென்ற வெள்ளிக்கிழமை சாம்பார் குண்டானை இறக்கி வைக்க வேறு வழியில்லாமல், நறுக்கிய பீன்ஸ் தட்டைத் தூக்கி மிக்சி ஜாரின் மூடி மேல் வைத்தேன். திரும்புவதற்குள் அது சரிந்து, சோப்புத் தண்ணீர் நின்ற தொட்டிக்குள் போய்விட்டது. கிரைண்டருக்கு மேடையில் இடமே கிடையாது. தரையில் உட்கார்ந்துதான் மாவு ஆட்டுகிறேன்.

வந்து பார்த்த மாடுலர் கிச்சன் நிறுவனத்தார், தெற்குச் சுவரை ஒட்டி மேடையை நீட்டி 'எல்' வடிவமாக்கிவிடலாம் என்று வரைபடம் கொடுத்திருக்கிறார்கள். என் கணவர், இருக்கிற மேடையையே இரண்டரை அடி அகலமாக்கினால் போதும் என்கிறார். அடுப்பு எங்கே இருந்தாலும் சரி, கிழக்கு பார்த்து நின்றுதான் சமைக்க வேண்டும் என்பது என் மாமியாரின் ஒரே நிபந்தனை. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், திருச்சி

அம்மா, அளவுகளோடு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதனால் அளவுகளோடே பதில் சொல்ல முடிகிறது.

முதலில் அந்த 'எல்' வடிவ வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் அடுப்பின் முன் நிற்கும் ஆளை வரைந்து பாருங்கள். அடுப்பு இப்போது கிழக்கு மேடையின் தென்கோடியில் இரண்டரை அடியை அடைத்துக்கொண்டிருக்கிறது. தெற்குச் சுவரை ஒட்டி 2 அடி அகலத்தில் புது மேடை வந்தால், அது நீங்கள் இப்போது நின்று சமைக்கிற இடத்தின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். மிஞ்சும் அரை அடியில் யாரும் நிற்க முடியாது. ஆகவே அடுப்பைக் குறைந்தது 2 அடி வடக்கே நகர்த்தியாக வேண்டும். உங்கள் ஜன்னலோ தென்கோடியிலிருந்து 2 அடி தள்ளித் தொடங்குகிறது. அடுப்பு நேராக ஜன்னலுக்கு அடியில் போய் நிற்கும். ஆடி மாதக் காற்றில் தீ ஒரு பக்கமாகச் சாயும், சிறு தீயில் வைத்த பர்னர் அணைந்து எரிவாயு கசியவும் வாய்ப்புண்டு. தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் ஜன்னல் கம்பிகளில் ஏறும். அடுப்பைத் தெற்கு மேடைக்கே மாற்றிவிடலாம் என்றால், தெற்கு பார்த்துச் சமைக்க வேண்டியிருக்கும். அதற்கு உங்கள் மாமியார் சம்மதிக்க மாட்டார். மேலும், 'எல்' வடிவத்தில் இரண்டு மேடைகளும் சேரும் மூலையில் 2 அடிக்கு 2 அடி, அதாவது 4 சதுர அடி கல்லுக்குப் பணம் கொடுப்பீர்கள். ஆனால் அந்த மூலையின் உட்பகுதிக்குக் கை எட்டாது. வரைபடத்தில் மேடையின் நீளம் கூடியதாகத் தெரிவதில் பாதி இப்படிப்பட்ட இடம்தான்.

எனக்குத் தோன்றும் வழி வேறு. மேற்குச் சுவரில் வாசல் போக இருக்கும் 5 அடியில், ஒன்றரை அடி அகலத்துக்கு, எதிரெதிராக அமையும்படி இரண்டாவது மேடை ஒன்றைப் போடுங்கள். அறையின் அகலம் 7 அடி. கிழக்கு மேடை 2 அடி, மேற்கு மேடை ஒன்றரை அடி போக நடுவில் மூன்றரை அடி நடைவழி கிடைக்கும். 3 அடிக்குக் குறையாத வழி இருந்தால் ஒருவர் தாராளமாகச் சமைக்கலாம். மூன்றரை அடி இருந்தால் ஒருவர் அடுப்பைப் பார்த்தும் மற்றவர் முதுகைக் காட்டியும் நின்று வேலை செய்யலாம். அடுப்பும் தொட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கும். எரிவாயுக் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் புது வழி தேட வேண்டாம். ஆனால் இதற்கு ஃபிரிட்ஜ் அறையை விட்டு வெளியேற வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில், சமையலறை வாசலுக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 5 அடி மேடை ஏறக்குறைய மூன்றடியாகச் சுருங்கிவிடும்.

உங்கள் அறை 56 சதுர அடி. சாப்பாட்டுக்குத் தனி இடம் உள்ள வீட்டின் சமையலறைக்கு தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கும் குறைந்தபட்சப் பரப்பு 5 சதுர மீட்டர், அதாவது சுமார் 54 சதுர அடி. ஆகவே உங்கள் கட்டுநர் விதியை ஒட்டிக் கட்டியிருக்கிறாரே ஒழிய, பெரிதாகத் தாராளம் காட்டவில்லை. இதைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1926இல் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரத் தொகுப்பு வீடுகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான், சுமார் 70 சதுர அடி. ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அவர், அத்தனை பொருளுக்கும் ஓர் இடம் ஒதுக்கிவிட்டு, நறுக்குகிற பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். உங்கள் அறையிலும் தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில், ஜன்னலுக்கு நேரே வரும் இடம்தான் விலைமதிப்புள்ளது. கழுவிய காய் அங்கே வந்து நறுக்கப்பட்டு அப்படியே அடுப்புக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் எந்தச் சாமானும் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது.

கணவரின் யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டரை அடி அகலமாக்கினால் பரப்பில் 4 சதுர அடி கூடும் என்பது உண்மை. ஆனால் கூடும் அந்த 6 அங்குலமும் சுவரோரமாகத்தான் கூடும். முன்னால் நின்று வேலை செய்யும் இடம் அதே நீளம்தான் இருக்கும்.

பதில் 2: கோவை இல்லத்தரசி

சகோதரி, பொறியாளர் ஐயா கடைசியில் சொன்ன விஷயத்துக்கு நான் அனுபவச் சாட்சி. எட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் மேடையை இரண்டரை அடி அகலத்தில்தான் போட்டோம். முதல் மாதம் விசாலமாக இருந்தது. இரண்டாம் மாதம் சுவரோரமாகத் தூக்குப் போசி ஒன்று வந்தது. பிறகு எண்ணெய்க் கேன், பொட்டுக்கடலை டப்பா, ஊறுகாய் ஜாடி, யாரோ கொடுத்த பிளாஸ்க் என்று வரிசையாக வந்து சேர்ந்தன. ஐந்தடி உயரமுள்ள நான் ஜன்னல் கொக்கியைப் போடுவதற்கு மேடை மேல் வயிறு படும்படி சாய வேண்டியிருக்கிறது. நீங்கள் 2 அடியிலேயே நில்லுங்கள். அது நல்ல அளவு.

நான் உங்கள் கணக்கை வேறு விதமாகப் பார்க்கிறேன். உங்கள் 8 அடியில் ஒன்றரை அடியைப் பாத்திரக் கூடை தின்கிறது. அந்தக் கூடையை மேடையிலிருந்து இறக்கிவிட்டாலே உங்கள் 15 அங்குலம் 33 அங்குலமாகிவிடும். அதற்கு ஒரு கல்லைக்கூட இடிக்க வேண்டாம். நீங்கள் கொடுத்த அளவின்படி தொட்டிக்கு நேர் மேலே 2 அடி அகலத்துக்கு ஜன்னல் இல்லாத வெறும் சுவர் இருக்கிறது. அதில் 2 அடி நீளமுள்ள எவர்சில்வர் பாத்திர ஸ்டாண்டு ஒன்றைப் பதித்துவிடுங்கள். தட்டும் டம்ளரும் கரண்டியும் அதில் நிற்கும். சொட்டும் தண்ணீர் தொட்டிக்குள்ளேயே விழும். அதன் அடிப்பகுதி தொட்டியின் விளிம்பிலிருந்து 20 அங்குலமாவது உயரத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் பெரிய குக்கரைக் குழாயடியில் சாய்த்துக் கழுவும்போது கைப்பிடி இடிக்கும். குண்டான், இட்லிக் கொப்பரை போன்ற பெரிய பாத்திரங்களை மட்டும் பால்கனியில் ஒரு முக்காலியின் மேல் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் வடிகட்டி மேடையில் இருந்தால் அதையும் வடக்குச் சுவரில் ஏற்றிவிடலாம்.

தொட்டி வாங்கும்போது ஆசைப்பட்டுவிடாதீர்கள். கடையில் 37 அங்குலத்துக்கு 18 அங்குலம் உள்ள, பக்கத்தில் வரி வரியான வடிகால் தட்டு சேர்ந்த தொட்டி மிக அழகாகத் தெரியும். நான் அதைத்தான் வாங்கினேன். 24 அங்குலத் தொட்டி போதுமாக இருந்த இடத்தில் 13 அங்குலத்தை அந்த வரித் தட்டுக்குத் தாரை வார்த்தேன். அதன் மேல் எதையும் நறுக்க முடியாது, சூடான பாத்திரத்தை வைத்தால் ஆடும், வரிகளுக்கிடையே உப்புநீர் வெண்மையாகப் படியும். ஒற்றைக் கிண்ணம், 24-க்கு 18, ஆழம் 9 அல்லது 10 அங்குலம் போதும். ஆழம் இருந்தால் அழுக்குப் பாத்திரங்கள் மேடைக்கு ஏறி வராது.

இன்னொரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இடம் போதவில்லை என்று, சுவரில் மடக்கி வைக்கும் பலகை ஒன்றை ஆசாரியிடம் சொல்லிப் போட்டோம். வேண்டும்போது தூக்கி நிறுத்தலாம், வேண்டாதபோது தொங்கவிடலாம். அந்தச் சுவர் நாலரை அங்குல ஹாலோ பிளாக் சுவர் என்பதை அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தீபாவளிக்கு முறுக்கு பிழிந்து தாம்பாளங்களை அதன் மேல் அடுக்கியபோது, திருகாணிகள் காரையோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. நல்ல வேளையாக எண்ணெய்ச் சட்டி அடுப்பில்தான் இருந்தது. மடக்குப் பலகை கெட்ட யோசனை அல்ல. ஆனால் அது செங்கல் சுவரில், நீளமான ஆங்கர் போல்ட்டோடு இருக்க வேண்டும், அல்லது தரையில் ஊன்றும் கால் ஒன்றாவது அதற்கு வேண்டும்.

பதில் 3: வாடகை வீட்டுக்காரன்

எனக்கு இடிக்கும் உரிமை இல்லாததால் கண்டுபிடித்த வழி இது. தொட்டியின் வாயை முக்கால் பங்கு மூடும் அளவுக்குத் தடித்த மரப்பலகை ஒன்றை அறுத்து வைத்திருக்கிறேன். காய் நறுக்கும்போது அதைத் தொட்டியின் மேல் போட்டுக்கொள்வேன். திறந்திருக்கும் கால் பங்கில் தோலையும் காம்பையும் ஒரு வடிதட்டில் தள்ளிவிடுவேன். 18 அங்குலம் இலவசமாகக் கிடைக்கிறது. பலகையின் அடியில் இரண்டு குறுக்குக் கட்டைகள் அடித்தால் நழுவாது.

நங்கநல்லூர் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி 'எல்' வடிவ வரைபடத்தில் அடுப்பின் முன் ஆள் நிற்கும் இடத்தை வட்டமிட்டுப் பார்த்தேன். வட்டம் முழுவதும் புது மேடைக்குள் போய்விட்டது. அந்த நிறுவனத்தாரைத் தொலைபேசியில் கேட்டபோது, அடுப்பைச் சற்றே நகர்த்திக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். எங்கே என்று கேட்டதற்கு, ஜன்னலுக்கு அடியில் என்றார்கள்.

ஃபிரிட்ஜுக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் இடம் இருக்கிறது. பழைய தையல் இயந்திரத்தை ஊருக்கு அனுப்பிவிட்டால் சமையலறை வாசலிலிருந்து இரண்டு எட்டில் வைத்துவிடலாம். மேற்குச் சுவர் நாலரை அங்குலச் செங்கல் சுவர் என்று கட்டுநர் கொடுத்த பழைய வரைபடத்தில் இருக்கிறது. கோவைச் சகோதரி சொன்ன கதையைப் படித்த பிறகு அதில் கல் மேடை நிற்குமா என்று பயமாக இருக்கிறது. கிரைண்டரையும் அதன் மேல்தான் வைக்க விரும்புகிறேன். ஜன்னல் விளிம்பு தரையிலிருந்து 42 அங்குல உயரத்தில் இருக்கிறது. மேடையின் உயரத்தைக் கூட்டி ஜன்னல் விளிம்போடு சமமாக்கினால் அந்த இடமும் மேடையோடு சேருமே என்று என் மகன் கேட்கிறான்.

பதில் 4: கிரானைட் வேலை செய்பவர், கிருஷ்ணகிரி

வணக்கம் அம்மா. இருபது வருடமாக மேடைக் கல் அறுத்துப் பதிக்கிற வேலைதான் செய்கிறேன். கேட்டவற்றுக்கு மட்டும் சொல்கிறேன்.

சுவர் தாங்குமா என்று கவலைப்பட வேண்டாம். ஏனென்றால் சுவரைத் தாங்கச் சொல்லப் போவதில்லை. 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ எடை இருக்கும். 5 அடிக்கு ஒன்றரை அடி என்றால் ஏழரை சதுர அடி. கல் மட்டும் 37 கிலோவுக்கு மேல் வரும். அதன் மேல் மாவோடு கிரைண்டர், அதற்கு மேல் சாய்ந்து நிற்கிற ஆள். ஆகவே சுவரில் ஆங்கிள் அடித்துத் தொங்கவிடச் சொல்லுகிறவர் சொல்லைக் கேட்காதீர்கள். உங்கள் பழைய மேடையை இடிக்கும்போது கடப்பாக் கற்கள் முழுசாக வந்தால், அவற்றையே செங்குத்தாக நிறுத்திக் கால்களாக்கலாம். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று, ஆக மூன்று கால். எடை தரைக்குப் போய்விடும். சுவரில் ஓர் அங்குலம் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டிக் கல்லின் பின்விளிம்பைச் செருகினால் ஆடாது. கடப்பா சுண்ணாம்புக் கல் வகை என்பதால்தான் புளி பட்டு வெளுத்தது. காலாக நிற்பதற்கு அதற்கு ஒரு குறையும் இல்லை. மேலே கிரானைட் போட்டுக்கொள்ளுங்கள். புளியும் எலுமிச்சையும் அதை ஒன்றும் செய்யாது.

மேடையை 42 அங்குலத்துக்கு உயர்த்துவது கூடவே கூடாது. அதன் மேல் அடுப்பு வைத்தால், குக்கர் உங்கள் கழுத்துக்கு வந்துவிடும். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். அந்த முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு அது 32 முதல் 34 அங்குலத்துக்குள் வந்துவிடும். உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது: மேடை இரண்டாகப் பிரிவதால் இரண்டுக்கும் ஒரே உயரம் வைக்க வேண்டியதில்லை. கிழக்கு மேடையை 33 என்றும் மேற்கு மேடையை 30 என்றும் வையுங்கள். சப்பாத்தி தேய்ப்பதற்கும், கிரைண்டரில் எட்டிப் பார்த்து மாவைத் தள்ளிவிடுவதற்கும் தாழ்ந்த மேடைதான் வசதி. வயதான மாமியார் முக்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்வதற்கும் அது ஒத்துவரும். ஜன்னல் விளிம்பை அப்படியே விட்டு, அதிலும் ஒரு கீற்றுக் கிரானைட் பதித்துவிடுங்கள். உப்பு ஜாடியும் எண்ணெய்த் தூக்கும் அங்கே ஏறிவிடும்.

ஆள் வைத்து வேலை வாங்கும்போது மூன்று விஷயங்களை நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். தொட்டிக்கு வெட்டும் ஓட்டைக்கு முன்னும் பின்னும் கல் இரண்டரை அங்குலமாவது நிற்க வேண்டும்; மெலிந்தால் தூக்கி வைக்கும்போதே விண்டுவிடும். முன்விளிம்பின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு சிறு காடி இழுக்கச் சொல்லுங்கள். மேடையில் சிந்துகிற தண்ணீர் அந்தக் காடியில் நின்று சொட்டிவிடும், கீழே அலமாரிக் கதவுக்கு ஓடாது. மூன்றாவது, தொட்டியை மேடைக்கு மேல் உட்கார வைக்காமல் கல்லுக்கு அடியிலிருந்து பொருத்தினால், சுற்றிலும் எழும்பி நிற்கும் விளிம்பு இருக்காது. மேடையில் சிந்தியதை அப்படியே தொட்டிக்குள் வழித்துவிடலாம். ஆனால் அதற்கு அடியில் தாங்கி வைக்க வேண்டும். வெறும் பசையை நம்பி ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இழுத்தால் நீளும் பலகை ஒன்றையும் கேளுங்கள். கிழக்கு மேடையின் கல்லுக்குக் கீழே, முதல் இழுப்பறைக்கு மேல், 2 அங்குல உயரம் ஒதுக்கினால் போதும். தச்சர் ஒன்றரை அடி ஆழத்துக்குப் பலகை ஒன்றைச் சேனலில் ஓடவிட்டுவிடுவார். விருந்து நாட்களில் மட்டும் வெளியே இழுத்துக்கொள்ளலாம். அதற்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, தண்ணீரைத் தாங்கும் பிளைவுட்டாக வாங்குங்கள். சாதாரணப் பலகை ஒரு மழைக்காலத்தில் ஊதி, உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

பதில் 5: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், திருச்சி

கல் வேலைக்காரர் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. உயரத்தை இரண்டாகப் பிரிக்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

நான் விட்டுவிட்ட ஒன்று மின் இணைப்பு. மேற்கு மேடை எத்தனை நன்றாக அமைந்தாலும், அங்கே பிளக் பாயிண்ட் இல்லையென்றால் மிக்சியும் கிரைண்டரும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மறுபடியும் உங்கள் 15 அங்குலத்துக்கே வந்து நிற்பீர்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே மேற்குச் சுவரில், மேடையிலிருந்து 9 அங்குல உயரத்தில், மிக்சிக்கும் கிரைண்டருக்கும் தனித்தனியாக இரண்டு 6 ஆம்பியர் பாயிண்ட் வைக்கச் சொல்லுங்கள். இண்டக்ஷன் அடுப்போ ஓவனோ பின்னால் வரக்கூடும் என்றால் 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றும் தனிக் கம்பியில் வர வேண்டும். 1996இல் போட்ட வயரிங் என்பதால், பழைய கம்பியிலிருந்தே கிளை பிரித்துக் கொடுக்க மின்பணியாளரை அனுமதிக்காதீர்கள். சிலிண்டரை இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. மேடைக்கு அடியில் அலமாரி அடைக்கும்போது, சிலிண்டர் இருக்கும் பகுதிக்குத் தரையோடு ஒட்டிக் காற்றுத் துளைகள் விட வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையில்தான் தேங்கும்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஃபிரிட்ஜையும் இரும்பு ஸ்டாண்டையும் நகர்த்திவிட்டு, மேற்குச் சுவரோரமாக 5 அடிக்கு ஒன்றரை அடி அளவில் பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரித்து ஒட்டுங்கள். மூன்று நாட்கள் அந்தத் தாளை மிதிக்காமல் வழக்கம்போல் சமையுங்கள். எங்கே இடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நங்கநல்லூர் வாசகி

ஐயா, தாளை விரித்து மூன்று நாட்கள் ஆகிவிட்டன. முதல் நாள் காலையிலேயே என் மாமியார், கோலம் போட்டது போல் இதென்ன என்று கேட்டார். சொன்னதும் அவரே ஒரு முக்காலியைக் கொண்டுவந்து தாளின் தென்கோடியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, நான் அடுப்படியில் நின்றிருக்கும்போது முதுகு இடிக்கிறதா என்று பார்த்தார். இடிக்கவில்லை. ஆனால் வாசலை ஒட்டிய தாளின் மூலையை மட்டும் நாங்கள் எல்லோருமே மிதித்துக்கொண்டிருந்தோம். கூடத்திலிருந்து தட்டோடு உள்ளே திரும்புகிறவர்களின் இடுப்பு அந்த மூலையில்தான் இடிக்கும் என்று தெரிந்தது. அதனால் வாசலோரத்தில் கல்லின் முனையை வளைவாக அறுத்துத் தரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். நீளத்திலும் 4 அங்குலம் குறைத்துவிட்டேன்.

மறு கணக்கு இது. கிழக்கே கூடையும் மிக்சியும் போனபின் தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் 42 அங்குலம் தடையில்லாமல் கிடைக்கிறது. மேற்கே 56 அங்குலத்தில் மிக்சியும் கிரைண்டரும் போக 29 அங்குலம் மிஞ்சுகிறது. பாத்திர ஸ்டாண்டை மட்டும் முன்கூட்டியே வாங்கி, தொட்டிக்கு மேல் நேற்றே பதித்துவிட்டோம். அதனால் இன்று காலை இட்லித் தட்டுகள் நான்கையும் பக்கம் பக்கமாகப் பரப்பி வைத்து மாவு ஊற்ற முடிந்தது.

சிலிண்டர் பால்கனிக் கதவை ஒட்டி, தொட்டிக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து ரப்பர் குழாய் மேடைக்கு அடியில் நீண்டு அடுப்புக்கு வருகிறது. அதன் நீளத்தை அளந்தேன். ஒன்றரை மீட்டரைத் தாண்டுகிறது. அது கூடாது என்று எங்கள் எரிவாயு முகவர் சொல்கிறார். சிலிண்டரை அடுப்புப் பக்கம் கொண்டுவருவதா, செப்புக் குழாய் போட்டுப் பால்கனிக்கே அனுப்புவதா என்று ஐயாவும் மற்றவர்களும் சொன்னால், அலமாரி வேலையைத் தொடங்கும் முன் தச்சரிடம் சொல்லிவிடுவேன்.

பதில் 6: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், திருச்சி

பால்கனிக்கே அனுப்புங்கள், அம்மா. சிலிண்டர் நேராக, நிழலில், துணி துவைக்கும் இயந்திரத்தின் பிளக்கிலிருந்து விலகி நிற்கட்டும். குழாய் வேலையை முகவர் அனுப்பும் மெக்கானிக்கே செய்ய வேண்டும். தச்சரையோ பிளம்பரையோ தொடவிடாதீர்கள். சுவரைத் துளைக்கும் இடத்தில் செப்புக் குழாய்க்கு ஓர் உறை போடச் சொல்லுங்கள். தொட்டிக்கு அடியில் காலியாகும் இடத்தில் குப்பைக் கூடையை வைத்துக்கொள்ளலாம்.